பின்னாசனம் கழற்றிய வண்டி

பிரிஞ்சாங் கடைத்தெருவை விட்டு, கீ பார்ம், திரிங்காப், கம்போங் ராஜா என்று வடக்கே செல்லும் மலைச்சாலையில், முட்டைக்கோஸும் தக்காளியும் உரமூட்டையும் சுமந்து, வர்ணம் உதிர்ந்து, பின்கூரை வெட்டப்பட்டு, முன்னாசனத்துக்குப் பின்னால் உட்கார ஒரு பலகைகூட இல்லாமல் ஊர்ந்து வரும் பழைய லேண்ட்ரோவரைக் காணாதவர் மலேசியாவின் கேமரன் மலையை முழுமையாகக் கண்டவர் ஆகமாட்டார். நல்ல வாகனத்தின் ஆசனத்தைப் பெயர்த்துப் பாழாக்கிவிட்டார்களே என்று, மலைக்குப் புதிதாக வருகிறவர்கள் வருந்துவதுண்டு. அந்த வருத்தத்துக்குக் காரணம் அவ்வண்டியின் பூர்வ சரித்திரத்தை அறியாமையே என்பது என் அபிப்பிராயம்.

ரோவர் கம்பெனியின் தலைமைப் பொறியாளராக இருந்த மாரிஸ் வில்க்ஸ், வேல்ஸைச் சேர்ந்த ஆங்கிள்ஸீ தீவில் தமக்கிருந்த பண்ணையில் யுத்தகாலத்து ஜீப் ஒன்றை உபயோகித்து வந்த அனுபவத்திலிருந்து, உழவனுக்கென்றே ஒரு வண்டியைக் கற்பனை செய்து, 1948 ஏப்ரல் மாதம் ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் அதனை உலகத்தின் முன் வைத்தார். யுத்தத்துக்குப் பின் எஃகு கிடைப்பது அரிதாயிருந்ததால் உடற்கூடு அலுமினியக் கலவையால் ஆயிற்று. அச்சுக்கு அச்சு நீளம் 80 அங்குலம். முன்னால் மூவர் அமர இடம். பின்னால் இருந்ததோ சுமைக்கான வெறுந்தொட்டி. அதில் ஆசனம் வேண்டுமென்றவர் தனிக் கிரயம் கொடுத்துப் பொருத்திக்கொள்ள வேண்டும். அதே ஆண்டில் டிக்ஃபோர்டு நிறுவனத்தாரின் கைவேலையால் எழுவர் அமரும் வண்டி ஒன்றும் வெளிவந்தது. ஆனால் ஆசனம் அதிகரித்ததும் பிரிட்டிஷ் அரசாங்கம் அதைப் பிரயாணக் காரென்று கணக்கிட்டு வரி விதித்தமையால், வாங்குவோர் குறைந்து அது சில ஆண்டுகளில் நின்றுபோயிற்று. ஆகையால் லேண்ட்ரோவரின் பின்னாசனம், வண்டியோடு கூடப் பிறந்ததன்று; பிற்பாடு வந்து சேர்ந்தது.

1885-ல் வில்லியம் கேமரன் அளந்து குறித்த கேமரன் மலைப் பிரதேசத்தில், 1929-ல் ஜே. ஏ. ரஸ்ஸல் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். தாப்பாவிலிருந்து ஏறிவரும் சாலை அடுத்த சில ஆண்டுகளில் போக்குவரத்துக்குத் தயாராயிற்று. காடழித்து, சரிவு திருத்தி, கொழுந்து கிள்ளிய தோட்டத்து மக்களில் தமிழரே மிகுதி. தாப்பாச் சாலை எவ்வளவு சீராக அமைந்தாலும், தோட்டத்துக்குள் லயத்துக்கும் மலைச்சரிவுக்கும் இடையே கிடந்தது மழை கரைத்த செம்மண் பாதைதான். அங்கே சாதாரண மோட்டார் வண்டியின் சக்கரம் நின்ற இடத்திலேயே சுழலும்.

லேண்ட்ரோவர் பிறந்த அதே 1948-ல்தான் மலாயாவில் கம்யூனிஸ்டுக் கிளர்ச்சியையொட்டி அவசரகாலம் பிரகடனமாயிற்று. 1960 வரை நீடித்த அக்காலத்தில் பிரிட்டிஷ் ராணுவத்தோடு லேண்ட்ரோவரும் இக்காட்டுப் பாதைகளுக்கு வந்தது. சிப்பாய்கள் எதிரெதிரே அமர்வதற்காக அதன் தொட்டியின் இருபுறமும் பக்கவாட்டு ஆசனங்கள் இருந்தன. பின்னர் ராணுவம் கழித்த வண்டிகள் மலைநாட்டுக் காய்கறி விவசாயிகளின் கைக்கு வந்தன. திருகாணியைச் சுழற்றி அவர்கள் முதலில் கழற்றியது அந்த ஆசனங்களைத்தான். சக்கரக் கூட்டின் மேல்மட்டம் சமமாக இருந்தமையால் அதன்மேல் பலகை பரப்பிக் கூடைகளை அடுக்க முடிந்தது. அலுமினியம் ஈரத்தில் துருப்பிடிக்காமையால், ஓயாத மழையிலும் தொட்டி நிலைத்தது. துருவுக்கு இரையான எஃகுச் சட்டத்தை மட்டும் உள்ளூர்ப் பட்டறைக்காரர்கள் ஒட்டுப்போட்டு மீண்டும் மீண்டும் எழுப்பினார்கள். பட்டறையில் உழைத்த அந்தக் கைகளின் திறமை இன்றுவரை உரியபடி எழுதப்படவில்லை என்பது எனக்கு மனவேதனை தருவது.

ஆசனம் போன இடத்தில் சுமை அமர்ந்தது. சுமைக்கு மேலே மனிதன் அமர்ந்தான். சரக்கு வண்டியின் காலி எடையும் பாரத்தோடு கூடிய எடையும் கதவில் எழுதப்படும் வழக்கம் இந்நாட்டில் உண்டு. மூட்டைமேல் பற்றுக்கோடின்றி வளைவுகளில் சாய்ந்து வந்த தொழிலாளியின் எடைக்கு அக்கதவில் தனி எண் கிடையாது. வண்டியின் உபயோகத்தை நான் எவ்வளவு போற்றினாலும், அந்தப் பிரயாணத்தைச் சௌகரியமென்று வருணிக்க மாட்டேன். விளைச்சலைச் சந்தையில் சேர்ப்பதற்குக் காட்டிய அக்கறையில் ஒரு பங்காவது விளைவித்தவனை வீடு சேர்ப்பதிலும் காட்டியிருக்கலாம்.

2016 ஜனவரியில் இங்கிலாந்தின் சோலிஹல் தொழிற்சாலையில், இந்த லேண்ட்ரோவரின் வழிவந்த டிஃபெண்டர் வண்டியின் உற்பத்தி நின்றுவிட்டது. இப்பொழுது குனோங் பிரிஞ்சாங்கின் பாசிக் காட்டுக்கு உல்லாசப் பிரயாணிகளை ஏற்றிச் செல்வதற்காக, மலைநாட்டு லேண்ட்ரோவர்கள் பலவற்றில் பின்னாசனம் மெத்தையோடு பொருத்தப்பட்டிருக்கிறது. பழைய வண்டிகளைத் தேடி வாங்கிப் புதுப்பிக்கும் அன்பர்களோ, தொட்டியின் கீறல்களை நிரப்பி, பலகையை அகற்றி, தொழிற்சாலையில் இருந்த வடிவத்துக்கே அவற்றைக் கொண்டுபோகிறார்கள். பிரிஞ்சாங்கில் பழம்பொருள்களைக் காட்சிக்கு வைப்போர் ஒரு வண்டியையாவது ஆசனமின்றி, கூடைகள் உராய்ந்த தழும்போடும் பட்டறை ஒட்டுக்களோடும் அப்படியே பாதுகாத்து வைக்க வேண்டும். ஓட்டியவர்களும் பழுதுபார்த்தவர்களும் உயிரோடு இருக்கும்போதே அவர்கள் வாய்மொழியைக் கேட்டு அதன் அருகில் எழுதி வைக்க வேண்டும்.