மொழிமேல் எழுந்த மொழி

திரியாய்க் குன்றின் பாறையிலே பொறிக்கப்பட்டுள்ள பழைய கல்வெட்டின் மொழி சமஸ்கிருதம். எழுத்தோ பல்லவர் காலத்தில் தமிழ்நாட்டில் வழங்கிய கிரந்தம். ஓரிடத்து மொழி பிறிதோரிடத்து எழுத்தின்மேல் ஏறி நிலைபெறுவது நமக்குப் புதிதன்று. கணினி மொழிகளின் வரலாறும் இத்தகையதே.

கணினிப் பொறி அறிந்த குறிகள் 0, 1 என்னும் இரண்டே. கட்டளைகளோ பொறிக்குப் பொறி வேறுபடும். ஒன்றுக்கென எழுதிய நிரலை மற்றொன்று ஏற்பதில்லை. இவ்விடர் தீர அறிஞர் கண்ட உபாயம், உலகில் இல்லாத பொறியொன்றைக் கற்பனையிலே சமைத்தலாகும். அதனை மெய்நிகர் பொறி என்பர். நிரலை அப்பொறியின் கட்டளைகளாக மாற்றிவிட்டால், ஒவ்வொரு கணினியிலும் அப்பொறிக்குப் பதிலாளாய் நிற்கும் சிறு நிரலொன்று இருந்தாற் போதும். 1970களில் சூரிச் நகரிலே பேராசிரியர் நிக்கலஸ் விர்த்தின் குழுவினர் பாஸ்கல் மொழியைப் பல கணினிகளுக்குப் பரப்பியது இம்முறையினாலேயே. அப்பணியில் இந்தியரான கேசவ் நோரியும் பங்குகொண்டார்.

எனினும், வேகத்தை நாடியோர் மெய்நிகர் பொறிகளைக் கணினியின் அமைப்பை ஒட்டிய சி போன்ற மொழிகளிலேயே எழுதிவந்தனர். நினைவகத்தை ஒதுக்குதலும் விடுவித்தலுமாகிய பாரம் முழுவதும் எழுதுவோர் தலைமேல் விழுந்தது. 2003ஆம் ஆண்டு தொடங்கிய பைப்பை என்னும் முயற்சி வேறு வழி கண்டது. பைதான் மொழிக்குரிய பொறியைப் பைதானின் கட்டுப்படுத்தப்பட்ட வடிவமொன்றிலேயே எழுதினர். அதனைச் சி மொழிக்குப் பெயர்க்கும் கருவித்தொடர், நினைவகப் பராமரிப்பைத் தானே சேர்த்துவிடும். எழுதுவோர் சில குறிப்புகளை இட்டுவைத்தால், ஓட்டத்தின்போது அடிக்கடி வரும் பகுதிகளைப் பொறிமொழியாக்கி விரைவூட்டும் உறுப்பையும் அதுவே ஆக்கித் தரும். உயர்மட்ட மொழியில் எழுதினால் வேகம் குன்றியே தீரும் என்ற எண்ணம் இதனால் தளர்ந்தது.

இதனால் தமிழுக்கு ஆவது யாது? முத்தையா அண்ணாமலை 2007ஆம் ஆண்டின் பிற்பகுதியில் உருவாக்கத் தொடங்கிய ‘எழில்’ என்னும் நிரலாக்க மொழியை நோக்குக. அதன் கட்டளைகளை நிறைவேற்றும் நிரல் பைதானில் எழுதப்பட்டது. பைப்பையின் கருவித்தொடர் அதற்கு அடித்தளமன்று. ஆயினும் உயர்மட்ட மொழிமேல் இன்னொரு மொழியை எழுப்பும் நெறி ஒன்றே. பொறியைப் பற்றிய கவலையைப் பைதான் ஏற்றுக்கொண்டது; ஆக்கியோனுக்கு எஞ்சியது பெரும்பாலும் தமிழைப் பற்றிய கவலையே. ஆங்கிலத்தில் நிபந்தனைச் சொல் முன்னே வரும். தமிழிலோ ‘மழை பெய்தால்’ என வினையின் இறுதியில் நிற்கும். எழிலிலும் நிபந்தனை முதலிலும் ‘ஆனால்’ என்னும் சொல் அதன் பின்னும் வருகின்றன. ‘பதிப்பி’, ‘முடி’ என்பன அதன் ஏனைய கட்டளைச் சொற்களுட் சில.

அடுக்கின்மேல் அடுக்காக எழுப்புவதில் வேகம் சிறிது இழக்கப்படும் என்பது மெய்யே. ஆயினும் பயிலும் சிறுவனுக்கு முதலில் வேண்டுவது வேகமன்று, விளக்கம். அந்நிய மொழியின் சொற்களோடு போராடித் தருக்கத்தைத் தவறவிடும் பிள்ளைகள் நம் கிராமப் பள்ளிகளில் உளர். அவர்களுக்குத் தாய்மொழியிலே தருக்கம் புகட்டலாகும். வேகமும் வேண்டப்படுங்கால், பைப்பை காட்டிய பாதை தமிழ் மொழிகளுக்கும் திறந்தேயுள்ளது. பிறர் இட்ட அத்திவாரத்தின்மேல் கட்டுவது இழுக்கன்று. கட்டாது விடுவதே இழுக்கு.