மாத்திரை அட்டையில் இருக்கும் பெயர்

இந்திய மருத்துவ வரலாற்றில் திண்டிவனத்துக்கு ஓர் இடம் உண்டு. 1890களில் அமெரிக்க ஆற்காடு மிஷனைச் சேர்ந்த டாக்டர் ஜான் ஸ்கடர் அங்கே பணியாற்றினார். ஒரே இரவில் மூன்று ஆண்கள் அடுத்தடுத்து அவர் வீட்டுக்கு வந்து, பிரசவ வேதனையில் கிடக்கும் தங்கள் மனைவியைக் காப்பாற்ற வரும்படி அவருடைய மகள் ஐடாவை அழைத்தார்கள். ஐடா மருத்துவம் படித்தவர் அல்ல. படித்த தந்தையை அழைத்துப் போக அவர்களுக்கு மனமில்லை, ஏனென்றால் அவர் ஆண். மூன்று பெண்களும் இறந்துபோனார்கள். ஐடா அதன் பிறகே மருத்துவம் படித்தார், வேலூரில் மருத்துவமனை எழுப்பினார். இதை ஒரு பெண்ணின் அர்ப்பணிப்புக் கதையாகவே நாம் சொல்லி வருகிறோம். நோயாளி பேசாமல் பிறர் பேசிய கதையாகவும் இதைப் படிக்க வேண்டும். தன் உடம்புக்கு என்ன செய்யப்படுகிறது, உள்ளே என்ன மருந்து போகிறது என்பதை நோயாளி அறியாமல் இருப்பதே இயல்பு என்று கருதிய காலம் அது. மருந்துப் பிழைகள் பலவற்றுக்கும் வேர் அந்த அறியாமைதான் என்பது என் வாதம்.

அக்கால டிஸ்பென்சரிகளில் மருந்து வாங்கப் போகிறவர்கள் கையோடு சீசா கொண்டு போவார்கள். கம்பவுண்டர் பெரிய ஜாடியிலிருந்து மிக்சரை அதில் ஊற்றித் தருவார். சீசாவின் பக்கவாட்டில் நீளமான ஒரு காகிதத் துண்டு ஒட்டப்பட்டிருக்கும். அதன் ஓரத்தில் கத்தரியால் வெட்டிய பற்கள். ஒரு பல்லிலிருந்து அடுத்த பல் வரை ஒரு வேளை மருந்து. எழுதப் படிக்கத் தெரியாதவரும் அளவு தவறாமல் குடிக்கலாம் என்பதால் அது அருமையான ஏற்பாடு. ஆனால் உள்ளே இருப்பது என்ன என்று அந்தக் காகிதம் சொல்லாது. அளவு நோயாளியிடம், பெயர் கம்பவுண்டரிடம். ஜாடி மாறிவிட்டால் கண்டுபிடிக்க நோயாளிக்கு எந்த வழியும் இல்லை, நிறமும் ருசியும் தவிர.

இந்த நிலையை முதலில் அசைத்தது சட்டம். 1930இல் கர்னல் ஆர்.என். சோப்ரா தலைமையில் அமைந்த மருந்து விசாரணைக் குழு, மருந்துகளின் தரத்தையும் அவற்றைக் கையாள்வோரின் பயிற்சியையும் ஆராய்ந்து அடுத்த ஆண்டே அறிக்கை தந்தது. அதன் வழியில் 1940இல் மருந்துச் சட்டமும் 1948இல் பார்மசி சட்டமும் வந்தன. ஆயினும் அரசு மருத்துவமனைக்குப் போகும் ஏழைக்கு உண்மையான மாற்றம் 1995இல்தான் வந்தது என்பேன். 1994இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1995இல் மருந்துக் கொள்முதலைக் கையில் எடுத்தது. உதிரியாக எண்ணிக் கொடுக்கப்பட்ட மாத்திரைகள் அட்டைகளில் வந்தன. அரசு முத்திரையோடு மருந்தின் வேதிப்பெயர், அளவு, காலாவதித் தேதி எல்லாம் அந்த அட்டையில் இருந்தன. களவைத் தடுக்கவும் தரத்தைக் காக்கவும் செய்த ஏற்பாட்டில், மருந்தின் பெயரும் நோயாளியின் கைக்கு வந்து சேர்ந்தது.

வந்து சேர்ந்த பெயரை இன்று நாமே தொலைக்கிறோம். விழுப்புரம், திண்டிவனம் பக்கத்து மக்கள் ஒரே இடத்தில் வைத்தியம் பார்ப்பதில்லை. அருகிலுள்ள அரசு மருத்துவமனை, 2010இல் முண்டியம்பாக்கத்தில் தொடங்கிய மருத்துவக் கல்லூரி, புதுச்சேரி ஜிப்மர், அவசரத்துக்குத் தெருமுனை கிளினிக் என்று ஒருவரே நாலு இடம் போகிறார். ஓரிடத்தில் எழுதியது இன்னோரிடத்துக்குத் தெரியாது. கிளைகோமெட், கிளைசிபேஜ் இரண்டும் மெட்ஃபார்மின்தான். அரசு அட்டையிலோ மெட்ஃபார்மின் என்றே இருக்கும். மூன்றையும் மூன்று மருந்தாக எண்ணி விழுங்குகிறவருக்கு எச்சரிக்கை தரக்கூடியது அட்டையில் உள்ள அந்த வேதிப்பெயர் ஒன்றே. கிளினிக்கில் காகிதக் கவரில் போட்டுத் தரும் உதிரி மாத்திரையில் அதுவும் கிடையாது. ‘காலையில வெள்ளை, ராத்திரி மஞ்சள்’ என்று நிறத்தை நம்புவது இன்னும் ஆபத்து. டெண்டர் எடுக்கும் நிறுவனம் மாறினால் அதே மருந்தின் நிறமும் வடிவமும் மாறலாம். பழையது ஒன்று, புதியது ஒன்று என இரட்டிப்பு அளவு உள்ளே போய்விடும். சீட்டில் எழுதும் 1-0-1 நம் மக்களுக்கு நன்றாகவே புரியும், ஆனால் அது எல்லாவற்றையும் சொல்லிவிடாது. மூட்டுவாதத்துக்குத் தரும் மெத்தோட்ரெக்ஸேட் வாரம் ஒரு முறை மட்டுமே சாப்பிட வேண்டியது. அதைத் தினமும் சாப்பிட்டால் வாய் புண்ணாகி, எலும்பு மஜ்ஜை செயலிழந்து, உயிரே போகும். உலகெங்கும் திரும்பத் திரும்ப நடந்திருக்கும் பிழை இது.

பிழை செய்வது டாக்டரும் மருந்துக் கடைக்காரரும், பொறுப்பை நோயாளி தலையில் கட்டலாமா என்று கேட்பார்கள். கேள்வி நியாயமானது. நோயாளிக்கு விளக்கிச் சொல்வது மருந்தாளுநரின் கடமை என்று 2015ஆம் ஆண்டின் பார்மசி நடைமுறை விதிகளே சொல்கின்றன. தெளிவாக எழுத வேண்டியதும் டாக்டரின் கடமையே. சட்டப்படி குற்றம் அவர்களுடையதுதான். ஆனால் மாத்திரை வாய்க்குள் போகும் நேரத்தில் அவர்கள் இருவரும் அங்கே இல்லை. அட்டையில் உள்ள ஆங்கிலம் பாட்டிக்குத் தெரியாதே என்பது அதைவிட வலுவான மறுப்பு. தமிழிலும் அச்சிடச் சொல்லி அரசைக் கேட்க வேண்டும், அதில் சந்தேகமே இல்லை. அதுவரை, பள்ளிக்குப் போகும் பேத்தி அட்டையையும் சீட்டையும் பக்கத்தில் வைத்து எழுத்துக்கு எழுத்து ஒப்பிடலாம், அதற்கு மருத்துவ அறிவு தேவையில்லை. பெயர் தெரிந்தால் ஆளாளுக்குச் சுயவைத்தியம் செய்வார்கள் என்ற அச்சமும் உண்டு. பெயர் தெரியாமலே ‘காய்ச்சலுக்கு ரெண்டு மாத்திரை’ என்று கேட்டு வாங்கும் வழக்கம் நம் ஊரில் எவ்வளவு பழையது என்பதைப் பார்த்தால் அந்த அச்சம் நிற்காது.

ஆகவே வாசகர்களிடம் என் வேண்டுகோள் இதுதான். அட்டையை வெட்டித் தந்தால் பெயரும் காலாவதித் தேதியும் உள்ள துண்டைக் கேட்டு வாங்குங்கள். உதிரி மாத்திரை தந்தால் கவரிலேயே பெயரை எழுதித் தரச் சொல்லுங்கள். எதற்கான மருந்து, தினமுமா வாரம் ஒரு முறையா, எத்தனை நாளைக்கு என்று கூச்சப்படாமல் கேளுங்கள். ஜிப்மருக்கோ முண்டியம்பாக்கத்துக்கோ போகும்போது வீட்டிலுள்ள எல்லா அட்டைகளையும், நாட்டு மருந்து உட்பட, ஒரே பையில் போட்டு எடுத்துப் போய் டாக்டர் மேசையில் கொட்டுங்கள். மருந்து சாப்பிட்டு ஏதேனும் கோளாறு வந்தால் முதலில் டாக்டரிடம் போங்கள். பிறகு இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டத்தின் கட்டணமில்லா எண்ணான 1800-180-3024க்கும் தெரிவியுங்கள். நோயாளியே நேரடியாகப் புகார் தர அங்கே வழி இருக்கிறது.