கையறுநிலையும் ஒப்பாரியும்

தலைவன் இறந்தபின் புலவர் இரங்கிப் பாடுவது கையறுநிலை. புறநானூற்றில் நிறைய உண்டு. இழவு வீட்டில் பெண்கள் பாடுவது ஒப்பாரி. முன்னதைப் பாடநூலில் சேர்த்துக்கொண்டோம். பின்னதை, படித்த குடும்பங்கள் கௌரவக் குறைச்சல் என்று கைவிட்டுவிட்டன.

கையறுநிலை பெரும்பாலும் இன்னார் என்று தெரிந்த ஒருவருக்காக அழும். அதியமான் மார்பில் தைத்த வேல் பாணர் கலத்தையும் இரப்போர் கையையும் புலவர் நாவையும் துளைத்துச் சென்றது என்கிறார் ஔவையார். இலக்கணம் சொல்லும் துறை எதுவாயினும், சோழன் கிள்ளிவளவனை ஐயூர் முடவனார் பாடிய புறநானூற்று 228ஆம் பாட்டும் இந்த இனம்தான். வளவனின் புகழுடம்புக்குத் தாழி வனைய நிலவுலகைச் சக்கரமாகவும் மேருவை மண்ணாகவும் கொள்ள உன்னால் ஆகுமா என்று குயவனைக் கேட்கிறார். புரவலன் போனால் புலவன் வீட்டில் உலை கொதிக்காது. அந்தத் தன்னலத்தை இப்பாடல்கள் மறைப்பதுமில்லை, அதனால் தாழ்ந்துபோவதுமில்லை.

ஒப்பாரியில் பெயரைவிட உறவுதான் விளி: பெத்த தாயே, கூடப் பிறந்தவனே. பெண்கள் வட்டமாக உட்கார்ந்து ஒருவர் தோளை ஒருவர் கட்டிக்கொண்டு அழுவார்கள். அடுத்த தெருக் கிழவிக்காக வந்தவள், என்றோ போன தன் தாயை நினைத்துப் பாடுவாள். சீர் செய்யாத அண்ணன், மதிக்காத நாத்தனார், தாலியறுத்தபின் கல்யாண வீட்டில் ஒதுங்கி நிற்பது எல்லாம் அந்தப் பாட்டில் வரும். அண்ணனும் நாத்தனாரும் அதே பந்தலில்தான் இருப்பார்கள். பதில் பேச முடியாது. மற்ற நாளில் இதையே வாய்விட்டுச் சொன்னால் அவளுக்கு வாயாடிப் பட்டம். தமிழ்நாட்டில் ஒப்பாரியைக் கள ஆய்வு செய்த மானிடவியலாளர் இசபெல் கிளார்க்-தெசே, 2005இல் வந்த தம் நூலுக்கு ‘செத்தவருக்காக யாரும் அழுவதில்லை’ என்ற பொருளில் தலைப்பு வைத்தார். கொஞ்சம் கடுமைதான். ஆனால் ஒப்பாரி வைத்துப் பழகியவர்கள் முழுதாக மறுக்கமாட்டார்கள்.

புறநானூற்றிலேயே ஒப்பாரிக்குப் பக்கத்தில் வரும் பாட்டு 256. பாடியவர் பெயர் தெரியவில்லை. கணவனோடு சுரம் கடந்து வந்தவள், அவன் இறந்ததும், தனக்கும் இடம் இருக்கும்படி தாழியை அகலமாக வனையச் சொல்கிறாள். முடவனாரைப் போலவே இவளும் குயவனிடம்தான் கேட்கிறாள். முடவனாருக்குத் தாழி போதாமல் போனது மன்னன் புகழால். இவளுக்கு, இனித் தனியே வாழ வேண்டிய நாட்களால்.

கையறுநிலை இறந்தவனை நமக்கு நினைவில் வைத்துக் கொடுத்தது. அதுவும் பெரிய காரியம்தான். இருப்பவளின் வழக்கை ஊர்முன் வைத்தது ஒப்பாரி. கவிதையால் சமூகத்துக்கு என்ன பயன் என்று யாராவது கேட்டால், நான் முதலில் காட்டுவது ஒப்பாரியைத்தான்.