டயர் வண்டிக்குத் தேடிய சக்கரம்

1963-இல் அப்பா எங்கள் கட்டை வண்டியை டயர் வண்டியாக மாற்றினார். எங்களுடையது கரிசல் காடு. ஐப்பசி மழையில் இரும்புப் பட்டா போட்ட மரச்சக்கரம் குடம் வரை புதையும். பாரத்தோடு எருதுகள் முழங்கால் மடித்து விழுவதைப் பார்க்கச் சகிக்காது. அகலமான காற்று டயர் அவ்வளவு புதையாது. பேரிங் இருப்பதால் இழுவையும் லேசு. தம் மகனின் மூன்று சக்கர சைக்கிளுக்காகக் காற்று டயர் செய்த டன்லப், தொழிலில் கால்நடை வைத்தியர். நம் எருதுகளைப் பார்த்திருந்தால் மகிழ்ந்திருப்பார்!

பழைய டயர் சுலபமாகக் கிடைத்தது. டிஸ்க்தான் பாடாய்ப் படுத்தியது. டயரின் உள்வட்டத்துக்கும் பொருந்த வேண்டும், போல்ட் ஓட்டைகள் ஹப்போடும் சேர வேண்டும். கோவையின் பழைய இரும்புக் கடைகளில் மூன்று நாள் அலைந்தோம். எடுத்ததெல்லாம் ஐந்து ஓட்டை. எங்கள் ஹப்பிலோ ஆறு. மூன்றாம் நாள் பொழுது சாயும்போதுதான் ஒரு ஜோடி அகப்பட்டது.

வண்டியைப் பார்க்க ஆசாரி வந்தார். கழற்றிப் போட்டிருந்த கருவேலச் சக்கரம் அவர் கடைந்தது. ஆரக்காலைத் தடவிக்கொண்டே, "இனி எனக்கு என்னங்க வேலை?" என்றார்.

அப்பா ஒரு நுகத்தடி செய்யச் சொன்னார். அது ஒரு நாள் வேலை.