முன்கூட்டி அறிதல்

மார்பகப் புற்றுநோயின் வரலாற்றை எழுதுபவர்கள் பெரும்பாலும் அறுவை அரங்கின் வாசலோடு நின்றுவிடுகிறார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் வில்லியம் ஹால்ஸ்டெட் மார்பகத்தோடு அதன் அடியிலுள்ள தசைகளையும் அக்குள் நிணநீர்க் கணுக்களையும் சேர்த்து அகற்றியதும், அவ்வளவு வெட்டத் தேவையில்லை என்று பெர்னார்ட் ஃபிஷர் பல்லாண்டு ஆய்வுகளால் நிறுவியதும் பலமுறை சொல்லப்பட்ட கதைகள். காயம் ஆறி வீடு திரும்பிய பெண் அதன்பின் எதற்கெல்லாம் அஞ்சினாள், எந்தச் சோதனைக்கு உடன்பட்டாள், எதை மறுத்தாள் என்பதைப் பற்றி நாம் வாசித்தது சொற்பம்.

ஆட்ரி லார்ட் முக்கியமாவது இந்த இடத்தில்தான். 1978இல் வலது மார்பகம் அகற்றப்பட்ட இந்தக் கறுப்பினக் கவிஞர், 'தி கேன்சர் ஜர்னல்ஸ்' என்ற நூலை 1980இல் வெளியிட்டார். பத்து நாள் கழித்துத் தையல் பிரிக்கச் சென்றபோது, செயற்கை மார்பு அணியாமல் வந்ததற்காகச் செவிலி அவரைக் கடிந்துகொண்டதை அதில் பதிவு செய்கிறார். மருத்துவரின் அலுவலகத்தில் மனவுறுதி குலையுமாம்! பிழைத்தவள் தன் இழப்பை மறைத்துக்கொண்டுதான் மறுபரிசோதனைக்கு வரவேண்டும் என்ற எதிர்பார்ப்பு அந்தச் சிறு நிகழ்வில் அப்பட்டமாகத் தெரிகிறது.

1984இல் அவருடைய கல்லீரலில் கட்டி தென்பட்டது. மருத்துவர் உடனடியாகத் திசுச் சோதனை செய்ய வற்புறுத்தினார். லார்ட் மறுத்துவிட்டு, திட்டமிட்டிருந்தபடி கற்பிப்பதற்காக பெர்லின் சென்றார். பின்னர் மாற்று மருத்துவத்தையும் நாடினார். அவ்வாண்டுகளின் குறிப்புகள் 1988இல் 'எ பர்ஸ்ட் ஆஃப் லைட்' நூலில் வெளிவந்தன. 1992இல் அவர் மறைந்தார். அவருடைய மறுப்பை முன்மாதிரியாகக் கொள்ள நாம் எவருக்கும் சொல்லமாட்டோம். ஆயினும் அந்த மறுப்புக்கு அடியில் ஒரு கேள்வி இருக்கிறது: முன்கூட்டி அறிவதால் என் வாழ்நாள் நீளுமா, அல்லது அறிந்தபடி வாழும் நாட்கள் மட்டுமே நீளுமா?

இதே கேள்வியை, முற்றிலும் வேறொரு மொழியில், அதே பத்தாண்டில் இத்தாலிய மருத்துவர்கள் எழுப்பினர். சிகிச்சை முடித்த பெண்களை இரு குழுக்களாகக் குலுக்கல் முறையில் பிரித்தனர். ஒரு குழுவுக்கு எலும்பு ஸ்கேன், மார்பு எக்ஸ்ரே போன்றவை குறித்த இடைவெளியில் தவறாமல் எடுக்கப்பட்டன. மறு குழுவுக்கு மருத்துவரின் நேரடிப் பரிசோதனையும் ஆண்டுதோறும் மம்மோகிராமும் மட்டுமே. இத்தகைய இரண்டு ஆய்வுகளின் முடிவுகள் 1994இல் வெளியாயின. ஒன்றில் 20 மருத்துவமனைகளைச் சேர்ந்த 1320 பெண்கள் பங்கேற்றனர். ஏறத்தாழ ஆறு ஆண்டுகளில் தீவிரக் கண்காணிப்புக் குழுவில் 132 பேரும், எளிய குழுவில் 122 பேரும் இறந்திருந்தனர். உயிர்வாழ்வில் வேறுபாடில்லை என்பதே முடிவு. மற்ற ஆய்வில், நுரையீரலுக்கும் எலும்புக்கும் நோய் பரவியதை ஸ்கேன்கள் முன்னதாகவே காட்டிக்கொடுத்தன. ஆனால் ஐந்தாண்டு இறப்பு விகிதம் மாறவில்லை. கெட்ட செய்தி சில மாதங்கள் முந்தி வந்தது, அவ்வளவே.

ஆனால் நம்மை அதிகம் யோசிக்க வைப்பது இறப்புக் கணக்கு அல்ல. முதல் ஆய்வில் பங்கேற்ற பெண்களுள் 70 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர், அறிகுறி ஏதுமில்லாதபோதும் மருத்துவரை அடிக்கடி பார்க்கவும் சோதனைகள் செய்துகொள்ளவும் விரும்புவதாகச் சொன்னார்கள். எந்தக் குழுவில் இருந்தார்கள் என்பது இந்த விருப்பத்தை மாற்றவில்லை. இதை அறியாமை என்று ஒதுக்க மனம் வரவில்லை. ஸ்கேனைக் கேட்டவள், தன்னை எவரோ இன்னும் கவனித்துக்கொண்டிருக்கிறார்கள் என்ற உறுதியைக் கேட்டிருக்கக்கூடும்.

இன்றைய அமெரிக்க வழிகாட்டு நெறிகளும் பெரும்பாலும் அந்த எளிய முறையையே பரிந்துரைக்கின்றன: முதல் மூன்றாண்டுகள் மூன்று முதல் ஆறு மாதத்துக்கொருமுறை நேரடிப் பரிசோதனை, பிறகு இடைவெளி கூடும், எஞ்சிய மார்பகத் திசுவுக்கு ஆண்டுதோறும் மம்மோகிராம், ஸ்கேன்கள் அறிகுறி இருந்தால் மட்டும். விடாத எலும்பு வலியோ, மூச்சுத் திணறலோ, புதிய கட்டியோ தென்பட்டால் அடுத்த தவணைக்காகக் காத்திராமல் செல்லவேண்டும். அந்த இத்தாலிய ஆய்வுகளின் காலத்தில் இல்லாத மருந்துகள் பல இப்போது வந்துவிட்டதால், பரவலை முன்கூட்டி அறிவது பயன் தருமா என்ற கேள்வியை ஆய்வாளர்கள் மீண்டும் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.