வெளிவட்டச் சாலையும் பரந்தூரும்: ஒரு கோட்டின் கதை

சென்ற மாதம் நம் வாட்ஸ்அப் குழுவில் ஒரு வரைபடம் வந்தது எல்லோருக்கும் நினைவிருக்கும். பரந்தூர் விமான நிலையத்துக்குப் போகும் புதுச் சாலை என்று சொல்லி யாரோ சிவப்புக் கோடு இழுத்திருந்தார்கள். கோடு நம் சி பிளாக்கின் பின்சுவரை உரசிக்கொண்டு போனது. முத்திரை இல்லை, தேதி இல்லை, எந்தத் துறை வெளியிட்டது என்றும் இல்லை. அன்று இரவு பதினொரு மணி வரை குழு தூங்கவில்லை. பாதிப் பேர் வீட்டு விலை ஏறும் என்றார்கள், மீதிப் பேர் வீடே போய்விடும் என்றார்கள்.

இரண்டு தரப்பும் கொஞ்சம் பொறுக்கலாம். நாம் தினமும் ஏறி இறங்கும் வெளிவட்டச் சாலை எப்படி வந்தது என்று தெரிந்தால், ஒரு கோட்டுக்கும் ஒரு சாலைக்கும் நடுவே எத்தனை வருடம் கிடக்கிறது என்பது புரியும்.

சென்னையின் முதல் பெருந்திட்டம் 1975–76இல் வந்தது. அதில் நகரைச் சுற்றி மூன்று வட்டச் சாலைகள் சொல்லப்பட்டிருந்தன. உள்வட்டம் இன்றைய ஜவஹர்லால் நேரு சாலை. பெயர்ப்பலகை என்ன சொன்னாலும் வடபழனிக்காரர்களுக்கு அது நூறடி ரோடுதான். கடைசி வட்டம் வண்டலூரிலிருந்து மீஞ்சூர் வரை, ஏறத்தாழ 62 கிலோமீட்டர். அந்தக் கோட்டைப் போட்ட காலத்தில் வண்டலூரில் உயிரியல் பூங்காகூடத் திறக்கவில்லை, அது 1985இல்தான் திறந்தது. சாலையின் முதல் பாதி, வண்டலூர் முதல் நெமிலிச்சேரி வரை, 2014இல் திறந்தது. மீஞ்சூர் வரையிலான மறுபாதி 2021இல். கணக்குப் போட்டுப் பாருங்கள், நாற்பத்தைந்து வருடம்.

2003இல் நான் இந்தப் பக்கம் மனை பார்க்க வந்தபோது தரகர் ஸ்கூட்டரை நிறுத்தி ஒரு வயலைக் காட்டி, "இதுதான் சார் ரிங் ரோடு" என்றார். வயலில் நாற்று நட்டுக்கொண்டிருந்தார்கள். "எப்போ வரும்?" என்றேன். "வந்துடும் சார்" என்றார். அவர் பொய் சொல்லவில்லை என்று இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

முன்கூட்டியே கோடு போட்டது சரியான காரியம் என்பதே என் கருத்து. இந்தச் சாலைக்கு 122 மீட்டர் அகலத்துக்கு நிலம் கிடைத்தது. அதில் சாலைக்கும் அணுகு சாலைகளுக்கும் 72 மீட்டர் போக, மிச்சம் எதிர்காலத் தேவைக்கு வைக்கப்பட்டது. இன்றைக்குப் போய் அந்த அகலத்தைக் கேட்டால் எத்தனை குடியிருப்புகளை இடிக்க வேண்டியிருக்கும்! ஆனால் கோட்டைப் போட்டுவிட்டுப் பணமும் கொடுக்காமல், விடுவிக்கவும் செய்யாமல் வைத்திருப்பது நிலத்துக்காரரைக் கட்டிப்போடுவது. அந்த நிலத்தில் கட்ட அனுமதி கிடைக்காது, வங்கி கடன் தராது, விற்றால் பாதி விலைதான். இதற்காகவே 1971ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டத்தில் 38ஆம் பிரிவு இருக்கிறது. திட்டத்தில் ஒதுக்கிய நிலத்தை மூன்று ஆண்டுகளுக்குள் கையகப்படுத்த அறிவிக்காமலும், பேசி வாங்காமலும் விட்டால், ஒதுக்கீடு நீங்கியதாகக் கருதப்படும். இந்தப் பிரிவைப் பிடித்துக்கொண்டு உயர் நீதிமன்றம் போனவர்கள் நிறையப் பேர்.

இனி விமான நிலையம். மீனம்பாக்கத்துக்கு இந்தத் தொல்லை இல்லை. 1932இல் டாடாவின் தபால் விமானம் கராச்சியிலிருந்து பம்பாய் வழியாக மதராஸுக்கு வந்தபோது, திருச்சி செல்லும் நெடுஞ்சாலை ஏற்கெனவே இருந்தது. கடற்கரை–தாம்பரம் மின்சார ரயிலும் அதற்கு முந்தைய வருடமே ஓடத் தொடங்கியிருந்தது. சாலையும் ரயிலும் இருந்த இடத்தில் விமான நிலையம் வளர்ந்தது. பரந்தூரில் கதை தலைகீழ். படாளம், திருப்போரூர், பன்னூர், பரந்தூர் என்று நான்கு இடங்களைப் பார்த்து, 2022இல் பரந்தூர் என்று முடிவானது. ஐயாயிரம் ஏக்கருக்கு மேல், பதின்மூன்று கிராமங்கள். சாலையும் ரயிலும் இனிமேல்தான் அங்கே போய்ச் சேர வேண்டும். சுமார் 260 கிலோமீட்டர் பெங்களூரு விரைவுச் சாலை ஸ்ரீபெரும்புதூரில் வந்து முடிகிறது. எண்ணூர் துறைமுகத்திலிருந்து மாமல்லபுரம் அருகே பூஞ்சேரி வரை சுமார் 133 கிலோமீட்டர் எல்லைச் சாலையும் ஸ்ரீபெரும்புதூரைத் தொட்டுத்தான் போகிறது. பூந்தமல்லியிலிருந்து பரந்தூருக்கு மெட்ரோ நீட்டிக்கவும் ஆய்வு நடந்திருக்கிறது. இத்தனையும் ஒரே பக்கம் திரும்பும்போது, இணைப்புச் சாலைக்குக் கோடு விழாது என்று யாரும் உறுதி சொல்ல முடியாது.

அந்தக் கோடுகள் எதன் மேல் விழும் என்பதுதான் எனக்குக் கவலை. பரந்தூர் வட்டாரம் ஏரியும் கால்வாயும் நெல்வயலும் சேர்ந்த பூமி. ஏகனாபுரத்து மக்கள் 2022 முதல் போராடுகிறார்கள், கிராம சபையில் தீர்மானத்துக்கு மேல் தீர்மானம் போட்டார்கள். நாம் சதுர அடி விலை பேசும்போது அவர்கள் ஏரியைப் பற்றிப் பேசுகிறார்கள். அது நமக்கும் சம்பந்தப்பட்ட பேச்சுதான். 2015 டிசம்பரில் அடையாற்று வெள்ளம் மீனம்பாக்கம் ஓடுபாதையில் ஏறி விமான நிலையத்தையே சில நாட்கள் மூட வைத்தது. முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் மக்களைப் படகில் ஏற்றினார்கள். மேட்டில் போடும் சாலைக்கு அடியில் தண்ணீருக்குப் போதுமான வழி விடாவிட்டால் அது சாலை இல்லை, கரை. ஏரிகள் வரிசையாக இருக்கும் இடத்தில் புதுச் சாலை வரும்போது முதலில் கேட்க வேண்டிய கேள்வி, எத்தனை வழித்தடம் என்பதல்ல, எத்தனை மதகு என்பது.

வாட்ஸ்அப்பில் வந்த படத்துக்கு வருகிறேன். அதை வீட்டு விற்பனைக்கோ வாடகை பேசவோ யாரும் பயன்படுத்த வேண்டாம் என்று நிர்வாகக் குழு கேட்டுக்கொள்கிறது. நம் வளாகத்தின் சர்வே எண்களைக் குறிப்பிட்டு, ஏதாவது சாலைத் திட்டத்தில் அவை வருகின்றனவா என்று தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் மனு போட்டிருக்கிறோம். முப்பது நாளில் பதில் வர வேண்டும். வந்த பதிலை அப்படியே அடுத்த இதழில் போடுகிறோம். தனி வீட்டு மனையோ விவசாய நிலமோ அந்தப் பக்கம் வைத்திருப்பவர்கள் பட்டா நகலோடு ஞாயிற்றுக்கிழமை காலை சங்க அலுவலகத்துக்கு வந்தால், மனு எழுத உதவி செய்கிறேன்.