எலும்பு உள்வைப்புத் தொழில்நுட்பமும் சுற்றுச்சூழல் உணரிகளும்

தேய்ந்த மூட்டுக்கு மாற்றாகவும் முறிந்த எலும்புக்குப் பிணைப்பாகவும் உடலுக்குள் பொருத்தப்படும் செயற்கை மூட்டு, தகடு, திருகாணி முதலியவை எலும்பு உள்வைப்புகள் எனப்படும். இவற்றுக்காக உருவான உலோகங்கள், மேற்பூச்சுகள், கம்பியில்லா அளவீட்டு முறைகள் ஆகியவற்றை நீர், காற்று, கட்டுமானங்கள் ஆகியவற்றின் நிலையைக் கண்காணிக்கும் உணரிகளுக்குப் பயன்படுத்துவது, மருத்துவப் பொறியியலும் சுற்றுச்சூழல் அறிவியலும் சந்திக்கும் ஆய்வுத்துறையாக வளர்ந்துள்ளது. நோயாளியிடமிருந்து அகற்றிய உள்வைப்பை அப்படியே உணரியாக்குவது இதன் பொருளன்று. உள்வைப்புக்காகத் திரட்டப்பட்ட அறிவை வேறொரு பணிக்குக் கொண்டுசெல்வதே இதன் பொருளாகும்.

அடிப்படை

உடலின் உட்புறம், பொறியியல் நோக்கில், ஏறத்தாழ 37 பாகை செல்சியசில் நிலைத்திருக்கும் உப்புநீர்ச் சூழலாகும். அங்கே வைக்கப்படும் கருவி பல ஆண்டுகள் அரிப்புக்கு ஈடுகொடுக்க வேண்டும். பழுதுபார்க்கவோ மின்கலம் மாற்றவோ எளிதில் வாய்ப்பிராது. அளவீடுகளைக் கம்பியின்றி வெளியே அனுப்பியாக வேண்டும். கடலடியிலும் ஆழ்துளைக் கிணற்றிலும் பாலத்தின் உட்பகுதியிலும் வைக்கப்படும் உணரி எதிர்கொள்ளும் கட்டாயங்களும் பெரும்பாலும் இவையே என்பதால், ஒரு துறையில் கண்ட தீர்வு மற்றதற்கும் உதவுகிறது.

விசையை அளக்கும் உள்வைப்புகள்

இழுக்கப்படும் உலோகக் கம்பி நீண்டு மெலிவதால் அதன் மின்தடை சற்றே கூடுகிறது. இம்மாற்றத்தைக் கொண்டு, விசைக்கு உட்பட்ட பொருள் எந்த அளவுக்கு உருமாறுகிறது என்று காட்டும் கருவி திரிபுமானி எனப்படும். அமெரிக்காவில் எட்வர்டு சிம்மன்சும் ஆர்தர் ரூஜும் 1938இல் இதனைத் தனித்தனியே உருவாக்கினர். நிலநடுக்கத்தின்போது நீர்த்தொட்டிகள் தாங்கும் தகைவை ஆராய்ந்த வேலையிலிருந்தே ரூஜின் திரிபுமானி பிறந்தது என்பதால், கட்டுமானங்களை அளக்க எழுந்த கருவி பின்னாளில் உடலுக்குள் சென்றது எனலாம்.

சுவீடனின் ரைடெல், திரிபுமானி பொருத்திய செயற்கை இடுப்பு மூட்டைக் கொண்டு உயிருள்ள மனிதரின் மூட்டுவிசையை அளந்து 1966இல் முடிவுகளை வெளியிட்டார். அதில் அளவீடுகள் கம்பி வழியே பெறப்பட்டன. பெர்லினில் ஜார்ஜ் பெர்க்மன் குழுவினர் 1980களின் இறுதியிலிருந்து கம்பியில்லா இடுப்பு உள்வைப்புகளைப் பொருத்தி, நடக்கும்போது உடல் எடையைப் போல் இரண்டு மடங்குக்கும் மேலான விசையும், தடுமாறும் கணத்தில் 8 மடங்குக்கும் மேலான விசையும் இடுப்பு மூட்டில் விழக்கூடும் என்று காட்டினர். இக்குழுவின் அளவீடுகள் ஆர்த்தோலோட் என்னும் தரவுத்தளத்தில் பொதுப் பயன்பாட்டுக்கு வைக்கப்பட்டுள்ளன.

இத்தகைய உள்வைப்புக்குள் மின்கலம் தேவையில்லை. வெளியே வைக்கப்படும் கம்பிச்சுருளில் மாறுமின்னோட்டம் பாயும்போது எழும் காந்தப்புலம், உள்ளே இருக்கும் சிறு சுருளில் மின்னழுத்தத்தைத் தூண்ட, அதனால் இயங்கும் நுண்சுற்று அளவீட்டை வானலையாகத் திருப்பி அனுப்புகிறது. மின்னணுப் பகுதி முழுவதும் டைட்டானிய உறைக்குள் பற்றவைத்து மூடப்படுவதால் ஈரம் உட்புகுவதில்லை.

மூட்டிலிருந்து பாலத்துக்கு

இத்தொழில்நுட்பம் உடலைவிட்டு வெளியே வந்ததற்குத் தெளிவான சான்று, அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் ஸ்டீவன் ஆம்ஸ் தொடங்கிய மைக்ரோஸ்ட்ரெயின் நிறுவனம். முழங்கால் தசைநார்கள் எவ்வளவு நீள்கின்றன என்பதை அளக்கும் நுண்ணுணரிகளோடு தொடங்கிய இந்நிறுவனம், கலிபோர்னியாவின் ஸ்கிரிப்ஸ் மருத்துவமனை ஆய்வாளர்களோடு இணைந்து விசையளக்கும் செயற்கை முழங்கால் மூட்டை உருவாக்க, அது 2004இல் முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. மூட்டுக்கும் கட்டுமானத்துக்கும் ஒருசேரப் பயன்படும் தொலையளவு முறையாகவே இதன் மின்சுற்றை ஆய்வாளர்கள் 1990களிலேயே முன்வைத்திருந்தனர். பிலடெல்பியாவின் புகழ்பெற்ற சுதந்திர மணி 2003இல் புதிய கூடத்துக்கு நகர்த்தப்பட்டபோது, அதன் விரிசல் மயிரிழையளவுகூட விரிகிறதா என்பதை இந்நிறுவனத்தின் உணரிகளே கண்காணித்தன. பாலங்களின் திரிபைக் கம்பியின்றி அளக்கவும் இவ்வகை உணரிகள் பயன்பட்டன.

டைட்டானியம் ஆக்சைடு

டைட்டானியத்தின் மேற்பரப்பில் சில நானோமீட்டர் தடிப்பில் தானாகவே படியும் ஆக்சைடுப் படலம், கீறல் விழுந்தாலும் உடனே மீண்டும் உருவாகி உலோகத்தைக் காக்கிறது. எலும்பு இவ்வுலோகத்தோடு நேரடியாக ஒட்டி வளர்வதைச் சுவீடனின் பிரோனமார்க் 1950களில் கண்டறிந்தார். உடலில் அரிக்காத இவ்வுலோகம் கடல்நீரிலும் அரிப்பதில்லை.

ஃபுளூரைடு கலந்த மின்பகுளியில் டைட்டானியத்தை நேர்மின்வாயாக வைத்து மின்சாரம் செலுத்தினால், ஆக்சைடுப் படலம் வரிசையாக நிற்கும் நானோகுழாய்களாக வளர்கிறது. எலும்புச் செல்கள் நன்றாகப் பற்றி வளர்வதற்காக உள்வைப்புகளில் ஆராயப்படும் இதே பரப்பு, ஹைட்ரஜன் வாயுவின் முன்னிலையில் மின்தடையில் பெருத்த மாற்றம் காட்டுவதை அமெரிக்காவில் கிரைம்ஸ் குழுவினர் 2003இல் வெளியிட்டனர்.

ஆக்சைடின் மற்றொரு பண்பு ஒளிவினையூக்கம். புறஊதா ஒளி பட்டதும் இது நீரிலுள்ள கரிமப்பொருள்களை ஆக்சிஜனேற்றம் செய்ய, அப்போது எழும் மின்னோட்டத்தைக் கொண்டு மாசின் அளவை அறியலாம். கழிவுநீரின் மாசைக் காட்டும் வேதி ஆக்சிஜன் தேவையைக் கண்டறிய, வழக்கமான முறையில் மாதிரியை டைகுரோமேட்டு, கந்தக அமிலம், பாதரச உப்பு, வெள்ளி உப்பு ஆகியவற்றோடு சேர்த்து 150 பாகை செல்சியசில் இரண்டு மணிநேரம் சூடாக்க வேண்டியிருக்கிறது. ஆஸ்திரேலியாவின் கிரிஃபித் பல்கலைக்கழகத்தில் ஹுவீஜுன் ஜாவோ குழுவினர் டைட்டானியம் டைஆக்சைடு நானோபடலத்தைக் கொண்டு உருவாக்கிய முறை இப்பணியைச் சில நிமிடங்களில், பாதரசமின்றி முடிப்பதோடு, வணிகக் கருவியாகவும் விற்பனைக்கு வந்துள்ளது. இப்படலம் உள்வைப்பிலிருந்து எடுக்கப்பட்டதன்று. இரண்டையும் இணைப்பது ஆக்சைடின் வேதியியலே.

எலும்புக் கனிமம்

எலும்பின் கனிமப் பகுதியை ஒத்த ஹைட்ராக்சிஅப்பட்டைட் என்னும் கால்சியம் பாஸ்பேட்டு 1980களிலிருந்து உள்வைப்புகளின் மேற்பூச்சாகப் பயன்படுகிறது. இதன் படிக அமைப்பில் கால்சியம் இருக்கும் இடத்தை ஈயமும் காட்மியமும், ஹைட்ராக்சில் இருக்கும் இடத்தை ஃபுளூரைடும் பிடித்துக்கொள்ள முடியும். ஈயநஞ்சு எலும்பில் தங்குவதற்குக் காரணமான இவ்விடமாற்றமே உணரிக்கும் அடிப்படையாகிறது. கிராஃபைட்டுத் தூளோடும் எண்ணெயோடும் குழைத்து மின்வாயாக்கப்பட்ட இக்கனிமத்தை நீர்மாதிரியில் சிறிது நேரம் அமிழ்த்தினால் ஈய அயனிகள் அதில் சேர்கின்றன. பின்னர் மின்னழுத்தத்தைப் படிப்படியாக மாற்றி, அவை கரைந்து வெளியேறும்போது பாயும் மின்னோட்டத்திலிருந்து நீரிலிருந்த ஈயத்தின் அளவைக் கணக்கிடலாம். குடிநீரில் ஈயம் லிட்டருக்கு 10 மைக்ரோகிராமைத் தாண்டக்கூடாது என்று உலகச் சுகாதார நிறுவனம் வழிகாட்டுவதால், இத்தகைய நுண்ணுணர்வு இன்றியமையாததாகிறது.

ஃபுளூரைடுக்கு அந்நிறுவனம் வகுத்த வரம்பு லிட்டருக்கு 1.5 மில்லிகிராம். தமிழ்நாட்டில் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் நிலத்தடி நீரில் பல இடங்களில் இவ்வரம்பு மீறப்பட்டு, பற்களையும் எலும்புகளையும் தாக்கும் ஃபுளூரோசிஸ் நோய் நெடுங்காலமாக மக்களை வாட்டுவதால், ஊர்க் கிணற்றின் அருகிலேயே நம்பகமாக அளக்கும் மலிவான உணரி அங்கே உண்மையான தேவையாகும்.

வரம்புகள்

உடலுக்கு ஏற்ற பொருள் எல்லாச் சூழலுக்கும் ஏற்றதாகிவிடாது. உயிர்களுக்கு நஞ்சாகாமை உள்வைப்பின் சிறப்பு என்றால், கடலில் அதுவே குறையாகிறது. செம்புக் கலவைகளை அண்டத் தயங்கும் பாக்டீரியாப் படலமும் பாசியும் கொட்டலசும் டைட்டானியத்தின் மீது எளிதில் குடியேறி உணரும் பரப்பை மூடிவிடுகின்றன. உடலின் வெப்பநிலை மாறாதிருக்க, ஆற்றுநீரின் வெப்பநிலையோ பகலுக்கும் இரவுக்கும் இடையே மாறிக்கொண்டே இருப்பதால், அளவீட்டைத் தொடர்ந்து திருத்த வேண்டியுள்ளது. கடல்நீர் வானலைகளை விரைவில் உறிஞ்சிவிடுவதால், தோலின் வழியே சில சென்டிமீட்டர் தொலைவுக்கு உதவும் முறை ஆழ்கடலில் பயன்படுவதில்லை. எலும்புக் கனிமம் பல உலோகங்களையும் பற்றுவதால், அவற்றுள் ஒன்றை மட்டும் பிரித்தறிவது கடினம்.

பயன்படுத்தப்பட்ட உள்வைப்புகளின் மறுசுழற்சி இதிலிருந்து வேறானது. தகனத்துக்குப் பின் எஞ்சும் உள்வைப்பு உலோகங்களை நெதர்லாந்தின் ஆர்த்தோமெட்டல்ஸ் நிறுவனம் 1997 முதல் சேகரிக்க, அவை உருக்கப்பட்டுத் தொழிற்சாலைகளுக்குச் செல்கின்றன.

மதிப்பீடு

விசையளக்கும் தொலையளவு முறையும் ஒளிவினையூக்க முறையும் ஆய்வகத்தைத் தாண்டி நடைமுறைப் பயன்பாட்டுக்கு வந்துவிட்டன; எலும்புக் கனிம மின்வாய்கள் பெரும்பாலும் இன்னும் ஆய்வகத்திலேயே உள்ளன. நோயாளியின் பாதுகாப்புக்காகப் பல பத்தாண்டுகள் செலவிட்டுச் சோதித்தறிந்த பொருளறிவு, நீரையும் நிலத்தையும் காக்கவும் பயன்படுவது மருத்துவ ஆய்வின் பயனை இருமடங்காக்குகிறது. எனினும் ஒவ்வோர் உணரியும் தான் பணியாற்றப்போகும் ஆற்றிலும் கிணற்றிலும் நெடுநாள் சோதிக்கப்பட்ட பின்னரே, அதன் அளவீட்டை நம்பி மக்களின் குடிநீர் குறித்து முடிவெடுக்கலாம்.